சத்தம் உள்ள தீவு

பல வருஷம் காது டெஸ்ட்டில் நான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. வருஷா வருஷம் பிப்ரவரியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் எங்கள் கம்பெனி வாசலுக்கு ஒரு வெள்ளை வேன் வரும். அதற்குள் பீரோ அளவில் ஒரு அறை, சுற்றிலும் பஞ்சு வைத்த சுவர். ஆளை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். பீப் என்று சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

அந்த அறைக் கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அது வழியாகப் பார்த்தால் வெளியே மெஷின் முன் உட்கார்ந்திருப்பவரின் வலது தோள் மட்டும் தெரியும். அவர் சத்தத்தை அனுப்பும்போது அந்தத் தோள் துளியூண்டு அசையும். தோள் அசைந்தால் அமுக்கிவிட வேண்டியதுதான். இதைக் கண்டுபிடித்தவன் என் பக்கத்து மெஷின் சின்னராசு. எல்லாவற்றுக்கும் அமுக்கினால் சந்தேகம் வரும், நாலுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும் என்ற நுணுக்கமும் அவனுடையதுதான். பிரஸ் ஷாப் மொத்தமும் இப்படித்தான் பாஸ் ஆனோம். படிக்கிற காலத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் நான் இன்ஜினியர் ஆகியிருப்பேன்.

கார் கதவுக்கும் பானட்டுக்கும் தகடு அடிக்கிற இடம் எங்கள் பிரஸ் ஷாப். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். அங்கே யாரும் கத்திப் பேச மாட்டார்கள், கத்தினாலும் பயன் இல்லை. வாய் அசைவைப் பார்ப்போம், கையால் சொல்வோம். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். முஷ்டியை மடக்கிக் காட்டினால் மெஷினை நிறுத்து. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷத்தில் நாற்பது அடி தூரத்தில் இருப்பவனோடு குடும்பக் கதை பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டோம். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சுக் கட்டை கொடுத்தார்கள். அதை வைத்தால் மெஷின் கோளாறு தெரியாது என்று நாங்களே ஒரு சாக்குச் சொல்லி, பாக்கெட்டிலேயே வைத்திருந்தோம்.

டெஸ்ட்டில் தோற்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குக் காட்ட சுப்பராயன் இருந்தான். முதல் வருஷம், தோள் விஷயம் தெரியாத காலத்தில், நேர்மையாக உட்கார்ந்து நேர்மையாகத் தோற்றவன். அவனை பிரஸ்ஸிலிருந்து எடுத்து கேட் பக்கம் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்ற விட்டார்கள். சம்பளம் குறைந்தது ஒரு பக்கம். அதைவிட, போகிற வருகிறவன் எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எதையாவது சொல்லிவிட்டுச் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

2007-ல் கம்பெனிக்குப் பத்து வயது ஆனது. ஆரம்பத்திலிருந்து பிரஸ் ஷாப்பில் இருக்கும் ஆறு பேருக்கு மனைவியோடு இரண்டு நாள் டூர் என்று அறிவித்தார்கள். ஏற்பாடு பாரூக் பாய். முழுப்பெயர் உமர் பாரூக். குடும்பம் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், இவர் மட்டும் தனியாக வந்து கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வந்து, ஆளுக்கு ஒரு பாரமும் இரண்டு கலர் படமும் கொடுத்தார்.

முதல் படத்தில் தரங்கம்பாடி தாண்டி ஒரு கடற்கரை. சவுக்குத் தோப்பு, நடுவில் நாலைந்து ஓட்டு வீடு, ஆளே இல்லாத மணல். இரண்டாவது படத்தில் பாண்டிச்சேரி பக்கம் படகில் போகிற ஒரு சின்னத் தீவு. கலர் விளக்கு, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர், கையைத் தூக்கி ஆடுகிற கூட்டம்.

“எது வேணுமோ அதுல டிக் போட்டு, ஊட்டம்மாவும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. அவங்கவங்க இஷ்டம். ஒருத்தருக்காக இன்னொருத்தரு போவ வேணாம்” என்றார் பாய்.

அன்று சாயங்காலம் ரயிலைப் பிடித்து ஆரம்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து, பாரத்தை ஜெபாவிடம் கொடுத்தேன். ஜெபா என் மனைவி. டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருஷம் பாடம் நடத்தியவள், கல்யாணம், மகள் என்று ஆன பிறகு வீட்டோடு இருந்துவிட்டாள். அவள் இரண்டு படத்தையும் கட்டிலில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு, டிவி, மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாமே நான் சொன்னபடி நடந்ததுதான்.

சவுக்குத் தோப்பில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

“அங்க ஒண்ணுமே இருக்காதே ஜெபா. மணலைத்தான் பாத்துக்கினு உக்காரணும்” என்றேன்.

“அதுக்குத்தான். டிவி இல்ல, மெஷின் இல்ல, உங்க பிரெண்டுங்க இல்ல. அங்கயாச்சும் நான் பேசறது உங்க காதுல உழுதான்னு பாக்கறேன்.”

“என் காதுக்கு இன்னா?”

“ஒண்ணும் இல்லையே.” அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் பைலை எடுத்தாள். ரேஷன் கார்டு, ஞானஸ்நான சர்டிபிகேட் எல்லாம் இருக்கும் பைல். அதிலிருந்து என் காது டெஸ்ட் பேப்பர்களை எடுத்து வரிசையாகக் கட்டிலில் வைத்தாள். “ஒவ்வொரு வருசமும் நார்மல், நார்மல்னு எழுதிக் குடுக்கிறாங்க. காது நல்லா இருக்குது. நான் பேசறதுதான் உனக்கு வேணாம்.”

ஜெபா என்னை எப்போதும் ‘நீங்க’ என்றுதான் சொல்வாள். ‘நீ’ வந்தால் உள்ளே வெகுதூரம் போய்விட்டது என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்தது. பைலைத் தூக்கி அலமாரியில் எறிந்துவிட்டு, பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்குக் காதில் ஒரு விசில் உண்டு. குக்கர் விசில் போல விட்டுவிட்டு வருவதில்லை. மெல்லிசாக, நிற்காமல், ஒரே சுருதியில். பிரஸ் ஓடும்போது அது தெரியாது. ரயிலில் தெரியாது. டிவியைச் சத்தமாக வைத்தால் தெரியாது. வீடு அடங்கி, விளக்கை அணைத்ததும் ஆரம்பித்துவிடும். எல்லோரும் அமைதியைத் தேடிப் போகிறார்கள். எனக்கு அமைதி என்றால் அந்த விசில்தான். இரண்டு நாள் சவுக்குத் தோப்பில் அதோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே பேஜாராக இருந்தது. அதோடு, அங்கே ஜெபாவுக்கும் எனக்கும் நடுவில் சாக்குச் சொல்ல ஒரு சத்தமும் இருக்காது. அவள் ஒரே நாளில் என்னைக் கண்டுபிடித்துவிடுவாள். செவிடன் பெண்டாட்டி என்று அவளை நாலு பேர் சொல்ல வேண்டுமா? இப்படித்தான் நினைத்தேன். அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பெரிய புளுகு. பயம் முழுக்க எனக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை பாரூக் பாய் கடைக்குப் போனேன். அவர் மேஜையிலேயே வைத்து சவுக்குத் தோப்பு டிக்கை அடித்துவிட்டு, தீவில் ஒன்று போட்டேன்.

“ஊட்ல கேட்டியா இம்மானுவேல்?” என்றார்.

“அவதான் பாய் மாத்தச் சொன்னா.”

மற்ற ஐந்து பாரமும் மேஜையில் கிடந்தன. ஐந்திலும் தீவுதான். குடிக்கலாம், கும்மாளம் போடலாம் என்று போட்டிருக்கிறார்கள் பசங்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். வேறு காரணம் இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்த வாரம் பாய் பைக்கில் ஆரம்பாக்கம் வந்து டூர் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வேலையில் இருந்தேன், வாங்கியது ஜெபா. வீட்டுக்கு வந்தபோது சீட்டு டிவி மேல் இருந்தது.

“தீவுன்னு போட்டிருக்குது” என்றாள்.

“எல்லாரும் அங்க போறாங்க. நாம மட்டும் தனியா போயி இன்னா பண்றது? செண்பகமும் வருது உனக்குத் துணைக்கு.” செண்பகம் சின்னராசுவின் மனைவி.

சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். “சாப்பாடு போடட்டா?” என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

மகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை விடியற்காலை வேனில் கிளம்பினோம். பன்னிரண்டு பேர். ஈ.சி.ஆர். ரோடு முழுக்க ஜெபா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். மத்தியானம் படகில் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். படகில் இருக்கும்போதே ஸ்பீக்கர் சத்தம் நெஞ்சில் இடித்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. விசில் போன இடம் தெரியவில்லை.

அந்தச் சாயங்காலம் நான் ராஜா. கடலைப் பார்த்தபடி நீளமாக ஒரு மேஜை, அதில் வறுத்த வஞ்சிரம், பக்கத்திலேயே டி.ஜே. நாற்பது ஐம்பது பேர் மணலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேஜையில் இருந்த பெண்கள் ஒருத்தர் காதில் ஒருத்தர் வாயை வைத்துக் கத்திக்கொண்டு, “இன்னா? இன்னா சொன்னே?” என்று மூன்று தடவை கேட்டு, கடைசியில் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நாங்கள் ஆறு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தோம். சின்னராசு மேஜையின் அந்தக் கோடியில் இருந்து அவன் மச்சான் லாரி வாங்கி மாட்டிக்கொண்ட கதையை முழுசாகச் சொன்னான். நான் இந்தக் கோடியில் இருந்து மறுகேள்வி கேட்டேன். டி.ஜே. பையன் யாரிடமோ பேட்டரி தீரப்போகிறது என்று திட்டியதைக்கூட உதட்டிலிருந்து படித்துச் சொல்லிச் சிரித்தேன். சர்வர் என்ன மீன் வேண்டும் என்று கேட்டால், எல்லோருக்கும் நான்தான் பதில் சொன்னேன். அந்த மேஜையிலேயே நல்ல காது உள்ளவன் நான்தான் என்று சத்தியம் செய்திருப்பீர்கள்.

ஜெபா என் பக்கத்தில் உட்கார்ந்து இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் ஜெனரேட்டர் நின்றது. பாட்டு, கலர் விளக்கு எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஓவென்று கத்தியது எனக்கும் கேட்டது. அப்புறம் விசில் வந்தது. மற்றது எல்லாம் ஜெபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சத்தம் நின்றதும் ஆறு பெண்களும் பேச ஆரம்பித்தார்களாம், சிரிப்பும் பேச்சுமாக. நாங்கள் ஆறு பேரும் ஸ்விட்ச் அணைத்ததைப் போல் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டோமாம். அதுவரை ஓயாமல் பேசிய சின்னராசு தட்டைப் பார்த்தபடி குனிந்து உட்கார்ந்துவிட்டானாம்.

அந்த இருட்டில் ஜெபா என் தோளுக்குப் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெனரேட்டர் மறுபடி ஓடியது. விளக்கு வந்தது, பாட்டு வந்தது. சின்னராசு நிமிர்ந்து, “அந்த லாரி இன்னா ஆச்சுன்னா...” என்று விட்ட இடத்தில் பிடித்தான். நானும் சிரித்தேன். ஜெபா எழுந்து போய் மேஜைக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் விளக்கு வெளிச்சம் விழுந்தது.

“உங்க சட்டையில கொழம்பு” என்றாள்.

குனிந்து பார்த்தேன். சட்டை சுத்தமாக இருந்தது. நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

“நான் சத்தமே போடல” என்றாள். அதற்கும் சத்தம் போடவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. அதையும் நான் படித்துவிட்டேன். படித்தது என் முகத்தில் தெரிந்துவிட்டது.

என் கை தானாக எழுந்து முஷ்டியை மடக்கியது. மெஷினை நிறுத்து. அவளுக்கு அந்தச் சைகை தெரியாது. ஆனாலும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

தீவின் மறுகோடியில் படகு கட்டுகிற இடத்தில் ஒரு குழல் விளக்கு எரிந்தது. பாட்டு அங்கே பின்னால் எங்கேயோ இருந்தது, விசில் ஏற ஆரம்பித்தது. ஜெபா இருட்டான பக்கம் உட்காரப் போனாள்.

“அங்க வேணாம். லைட்டுக்கு வா. உன் மொகம் தெரியணும்” என்றேன்.

பத்து வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான் போல. அவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் விளக்கடியில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். விசில், வேன், கண்ணாடி, தோள். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

ஜெபா முதலில் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். “அப்போ நீங்க வேணும்னே என்னைக் கண்டுக்காம இருக்கல. இல்ல?”

“இல்ல ஜெபா. எனக்குக் கேக்கல.”

“நான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன்னு இத்தினி வருசமா யோசிச்சிக்கினு இருந்தேன். ஜெபத்துல கூட அதத்தான் கேட்டேன்.”

கொஞ்ச நேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள். திடீரென்று விலகி நேராக உட்கார்ந்தாள். முகம் மாறியிருந்தது.

“ரெண்டு வருசம் முன்ன நர்சரி ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குக் கூப்ட்டாங்க. சிஸ்டர் ஆரோக்கியமேரி ஊட்டுக்கே வந்து கேட்டாங்க. அன்னிக்கி லைட்ட ஆப் பண்ணப்புறம் உன்னக் கேட்டேன். போவட்டான்னு கேட்டேன். நீ பதிலே சொல்லல. திரும்பிப் படுத்துக்கினே.”

எனக்கு அப்படி ஒரு ராத்திரியே ஞாபகம் இல்லை. எனக்கு அது நடக்கவே இல்லை.

“புடிக்கலன்னு எடுத்துக்கினேன். மறுநாள் சிஸ்டர்கிட்ட போயி, எங்க ஊட்டுக்காரருக்கு இஷ்டம் இல்லன்னு சொல்லிட்டேன். அதத் திரும்பக் கேக்கணும்னுதான் அந்தத் தோப்புல டிக் போட்டேன். இப்போ கரண்டு போனப்பவும் அதத்தான் கேட்டேன்.”

“போ ஜெபா. நாளைக்கே போ. நான் எப்போ வேணாம்னு சொன்னேன்?”

“அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டுட்டாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உன் காது போனதுக்குக் கோவம் இல்ல. நார்மல், நார்மல்னு பேப்பர் கொண்டாந்து குடுத்தியே. அத நம்பித்தான் உன்ன இத்தினி நாளும் தப்பா நெனச்சேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள், உதட்டைப் பார்க்கட்டும் என்று. அந்தக் கோபத்திலும் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

“எவ்ளோ கேக்குது, எவ்ளோ கேக்கல?”

“தெரியாது.”

“தெரியாதா?”

“எப்படித் தெரியும்? எல்லா வருசமும் தோளப் பாத்துதான அமுக்கினேன்.”

“எனக்கு அது தெரியணும்” என்றாள். “வேல இருக்கட்டும் போவட்டும், அது உங்க இஷ்டம். நான் பேசினதுல எது வந்து சேந்துச்சு, எது சேரலன்னு எனக்குத் தெரியணும்.”

திரும்பிப் போனபோது மேஜையில் மற்ற ஐந்து பேரும் இன்னும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பாரத்திலும் தீவு என்று இருந்தது நினைவுக்கு வந்தது. குடிக்க வந்தார்கள் என்று நினைத்தேனே. ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தேன். என்னைப் போலவே ஒளிந்துகொள்ளத்தான் வந்திருந்தார்கள். அவர்கள் மனைவிகள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். செண்பகம் கொட்டாவி விட்டாள்.

பிப்ரவரியில் வேன் வந்தது. இந்த முறை மெஷினில் ஒரு பெண். எனக்கு முன்னால் போன சின்னராசு வெளியே வந்ததும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, “தோளு நல்லாவே தெரியுது. இந்தம்மா அசைஞ்சா ஊருக்கே தெரியும்” என்றான், உதட்டால்.

உள்ளே உட்கார்ந்தேன். கதவு மூடியது. கண்ணாடியில் நீலச் சேலைத் தோள் தெரிந்தது. குரோட்டன்ஸ் செடியும் சுப்பராயன் முதுகும் கண் முன்னால் வந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்றும் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

விசில் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியில் தாழ்வாக ஒரு ஊம் சத்தம். அமுக்கினேன். இன்னொன்று. அமுக்கினேன். எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறு கேட்டது. ஏழாவதுக்குக் காத்திருந்தேன். டீ குடித்து முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். அந்தப் பெண் பேப்பர் எழுதுகிறார் போலும், ஏழாவதை இன்னும் அனுப்பவில்லை என்று நினைத்துப் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

தோளில் கை பட்டது. கண்ணைத் திறந்தேன். கதவு திறந்து அவர் நின்றுகொண்டிருந்தார்.

“மீதியப் போடுங்க மேடம்” என்றேன்.

“எல்லாம் போட்டு முடிச்சாச்சு சார்” என்றார்.

நான் எழுந்திருக்காததைப் பார்த்து, அவரே பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். இடது பக்கம் மேலே கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் சரிந்து கீழே விழுகிற ஒரு கோடு. சரிந்த இடத்தில் பேனாவை வைத்தார். “மெஷின், லாரி, மோட்டார் சத்தம் எல்லாம் உங்களுக்கு ஓரளவு கேக்கும் சார். இங்கதான் போயிடுச்சு. பொம்பளைங்க, கொழந்தைங்க பேசறது நெறைய இங்கதான் வரும்.”

“போனது திரும்பி வருமா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்கு உதடு தேவைப்படவில்லை.

பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இரண்டு ஜெராக்ஸ் எடுத்தேன். அசல் ஆபீசுக்கு. ஒரு காப்பி ஜெபாவுக்கு, அந்த பைலில் மற்ற பேப்பர்களுக்கு மேலே வைக்க. இன்னொரு காப்பி சின்னராசுவுக்கு, வாங்கினால் வாங்கட்டும், கிழித்துப் போட்டால் போடட்டும்.

பக்கத்துக் கடை பாரூக் பாயுடையது. உள்ளே போய், அந்தச் சவுக்குத் தோப்பு இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மே மாசம், பள்ளிக்கூட லீவில், எங்கள் மூன்று பேருக்கு என்றேன்.

பாய் என்னை நேராகப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். விஷயம் அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. “அங்க சத்தமே இருக்காது இம்மானுவேல். பரவால்லையா?”

“பரவால்ல பாய். ஜெபா பேசுவா” என்றேன். “ரூம்ல லைட்டு நல்லா இருக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”